வீட்டைக் காலி பண்ணிட்டு குடும்பத்தோட ஊர் ஊரா கிளம்பணுமா? எதை முன்னாடி, எதை பின்னாடி பண்ணணும்னு ஒரு முழுமையான வழிகாட்டி

இப்படி கிளம்பினவங்களை பாத்தா எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த ஊருக்கு போனீங்க"ன்னுதான். உண்மையை சொன்னா அது கடைசியா யோசிக்க வேண்டிய விஷயம். ஊர் பிடிக்கலைன்னா அடுத்த வாரமே மூட்டையை கட்டிடலாம், ஆனா வித்த வீடு வித்ததுதான், விட்ட வேலை விட்டதுதான். நாங்க நாலு பேரு, நான், இவரு, கிளம்புறப்போ 11 வயசுல பொண்ணு, 6 வயசுல பையன். மொத்தம் 19 மாசம் எங்களுக்குன்னு ஒரு வாசக்கதவு இல்லாம இருந்தோம், அதுல 7 மாசம் வேன்ல, மீதி மாச வாடகைக்கு எடுத்த இடங்கள்ல. பட்ட கஷ்டத்துல பாதிக்கு மேல, காரியத்தை தப்பா பண்ணினதால வந்தது இல்ல, வரிசை மாத்தி பண்ணினதால வந்தது.

அதனால இது முழுக்க ஒரே கணக்குலதான் போகும். திருப்பி எடுத்துக்க முடியுறது எல்லாம் முன்னாடி, திருப்பவே முடியாதது எல்லாம் பின்னாடி. பேசுறது, கணக்கு போடுறது, ஒத்திகை பாக்குறது முன்னாடி. வேலையை விடுறது, வீட்டை விக்குறது பின்னாடி. நிறைய பேரு ஆசை வந்த சூட்டோட சூடா இதை தலைகீழா பண்ணிடுறாங்க, நாங்களும் சில விஷயத்துல அப்படித்தான் பண்ணினோம், வர்ற இடத்துல சொல்றேன்.

படி 1: நாலு பேரும் ஒரே பயணத்தைத்தான் சொல்றீங்களா?

"போலாமா"ன்னு கேட்டா வீட்ல எல்லாரும் போலாம்னுதான் சொல்லுவாங்க, அதை நம்பாதீங்க. ஆளுக்கு ஒரு பேப்பரை குடுத்து, "கிளம்பி ஆறு மாசம் ஆச்சு, இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, காலையில எழுந்ததுல இருந்து தூங்குற வரைக்கும் என்னென்ன பண்றோம்"னு தனித்தனியா எழுத சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை ஏன்னா, ஞாயித்துக்கிழமைன்னு சொன்னா எல்லாரும் கடற்கரையை எழுதி வச்சிடுவாங்க.

எங்க வீட்ல இவரு எழுதினதுல தினமும் வண்டி ஓடிட்டே இருந்துச்சு, புது ரோடு, புது மலை. நான் எழுதினதுல ஒரே ஜன்னலோரமா உக்காந்து மூணு மாசமா ஒரே மரத்தை பாத்துட்டு இருந்தேன். பொண்ணு நாலு வரி எழுதியிருந்தா, நாலுமே தோழிகளோட வீடியோ கால் பேசுறது. பையனுக்கு அவ்வளவு எழுத வராதே, படம் வரைஞ்சான், ஒரு வேன், அதோட கூரை மேல எங்க வீட்டு மீன் தொட்டி. சிரிச்சுட்டு பேப்பரை எல்லாம் டிராயர்ல போட்டுட்டோம், அதுதான் நாங்க பண்ணின முதல் தப்பு, ஏன்னா அப்புறம் ரோட்ல நடந்த ஒவ்வொரு சண்டையும் அந்த நாலு பேப்பர்லயே எழுதியிருந்துச்சு. நீங்க அதை மேசை மேல வச்சு ஒரு வாரம் பேசுங்க.

இன்னும் ரெண்டு விஷயம் இந்த கட்டத்துலயே பேசிடணும். ஒண்ணு, புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏற்கெனவே பெரிய விரிசல் இருந்தா, இல்ல கழுத்தளவு கடன் இருந்தா, கிளம்பினா சரியாயிடும்னு நினைக்காதீங்க, சின்ன இடத்துல அது இன்னும் பெருசாத்தான் தெரியும். இன்னொண்ணு, வயசான அப்பா அம்மா. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்தா யாரு கிளம்புறது, யாரு குழந்தைங்களோட இருக்குறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, அவங்ககிட்டயும் அதை வாய் விட்டு சொல்லுங்க. அவங்க பயமே "கூப்பிட்டா வருவாங்களா"ங்கிறதுதான், அதுக்கு பதில் கிடைச்சா முக்காவாசி எதிர்ப்பு அடங்கிடும்.

13, 14 வயசுக்கு மேல ஒரு பிள்ளை "எனக்கு வேண்டாம்"னு சொன்னா அதை அடம்னு தள்ளாதீங்க. அந்த வயசுல பிரெண்ட்ஸ்தான் அவங்களுக்கு ஊரே.

படி 2: பணம்

மூணு மாசம், ஒரு காசு விடாம, என்ன செலவாகுதுன்னு எழுதுங்க. ஆப் எல்லாம் வேணாம், ஒரு நோட்டு போதும். அப்புறம் ஒவ்வொரு வரிக்கு பக்கத்துலயும் மூணுல ஒண்ணு எழுதுங்க: கூட வரும், நிக்காது, முடிஞ்சுடும். வாடகை, கரண்ட் பில், ஸ்கூல் வண்டி இதெல்லாம் முடிஞ்சுடும். சாப்பாடு, போன், மருந்து கூட வரும். ரொம்ப கவனமா பாக்க வேண்டியது நடுவுல இருக்குற "நிக்காது", அதாவது நீங்க வீட்ல இல்லைன்னாலும் ஓடிட்டே இருக்குற செலவு, லோன் தவணை, இன்சூரன்ஸ், வீட்டு வரி, மறந்தே போன சந்தாக்கள். இந்த கூட்டுத்தொகைதான் உங்க முதுகு மேல ஏறி வரப்போற மூட்டை, இதை குறைக்காம கிளம்பினா எளிமையான வாழ்க்கை எல்லாம் பேச்சுக்குத்தான்.

பயணச் செலவை முடிவு பண்றது ஊர் இல்ல, வேகம். நாலு டிக்கெட்டுக்கு குடுத்த காசை 5 நாளால வகுத்துப் பாருங்க, அதே காசை 50 நாளால வகுத்துப் பாருங்க. மாசக் கணக்குல எடுக்குற இடத்துக்கும் நாள் கணக்குல எடுக்குறதுக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். வேன்ல போனாலும் இதேதான், நின்ன வண்டி டீசல் குடிக்காது.

அப்புறம் "திரும்பி வர்ற பணம்"னு தனியா ஒண்ணு. இது அவசர நிதி இல்ல, அது வேற. எல்லாருக்கும் டிக்கெட், புது வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ், பள்ளிக்கூட சேர்க்கை, அடிப்படை சாமான், வேலை தேடுற வரைக்கும் ஆறு மாசம் சாப்பாடு, எல்லாத்தையும் கூட்டி வேற அக்கவுண்ட்ல போட்டு, அதோட கார்டை கையிலயே எடுத்துட்டு போகாதீங்க. இது சேராத வரைக்கும் கிளம்பாதீங்கன்னு நான் பிடிவாதமாவே சொல்லுவேன். திரும்பிப் போக காசு இல்லாதவங்களுக்கு அது பயணம் இல்லீங்க, மாட்டிக்கிட்டது.

வருமானம் ஆன்லைன் வேலைன்னா, "எங்க இருந்து பண்ணினாலும் ஓகே"ன்னு மேனேஜர் வாயால சொன்னதை வச்சு கிளம்பாதீங்க, எழுத்துல வாங்குங்க. வேற நாட்டுல உக்காந்து வேலை பாக்குறதுல கம்பெனிக்கு வரி சிக்கல், டேட்டா பாதுகாப்பு சிக்கல் ரெண்டும் வரும், அதனால பல கம்பெனிங்க வருஷத்துக்கு இத்தனை நாள்தான்னு வரம்பு வச்சிருக்காங்க. டூரிஸ்ட் விசால போய் லேப்டாப்பை திறக்குறது பல நாட்டு சட்டப்படி அனுமதிக்கப்பட்டது இல்ல. அதுக்குன்னே 2020ல இருந்து தனி விசாக்கள் வர ஆரம்பிச்சுச்சு, பார்படோஸ் ஜூலையில 12 மாசத்துக்கு ஒண்ணு கொண்டு வந்தது, எஸ்டோனியா ஆகஸ்ட்ல. அதுக்கப்புறம் போர்ச்சுகல், ஸ்பெயின்னு நிறைய நாடுங்க வந்துட்டாங்க. பெரும்பாலானதுல வருமானம் குறைஞ்சது இவ்வளவுன்னு ஒரு கோடு இருக்கும், குடும்பம்னா ஆளுக்கு ஆள் அந்த கோடு மேல ஏறுறது சகஜம்.

வரியில 183 நாள் கணக்கு பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, பல நாடுகள்ல ஒரு வருஷத்துல அவ்வளவு நாள் இருந்தா அங்க வரி கட்டுற ஆளாயிடுவீங்க. ஆனா "எங்கயும் 183 நாள் இல்ல, அதனால எங்கயும் வரி இல்ல"ங்கிறது தப்புக் கணக்கு, வீடு, குடும்பம், சம்பாத்தியம் எங்க இருக்குன்னும் பாப்பாங்க, அமெரிக்காவும் எரித்திரியாவும் குடியுரிமையை வச்சே பிடிச்சுக்கும். ஒரு தடவை ஆடிட்டரை பாத்து காசு குடுத்து கேட்டுடுங்க, இதுல கஞ்சத்தனம் வேணாம்.

படி 3: வீட்டுக்குள்ளயே ஒத்திகை

இதை யாரும் செய்ய மாட்டாங்க, நானும் முதல்ல சிரிச்சேன். சொந்த வீட்ல ஒரே ஒரு ரூமை தேர்ந்தெடுத்து, மத்த ரூமை எல்லாம் பூட்டிட்டு, 14 நாள் நாலு பேரும் அதுலயே இருங்க. ஆளுக்கு ஒரு பை, ஒரே அடுப்பு, ரெண்டு பாத்திரம். வேலை, படிப்பு எல்லாம் வழக்கம் போல நடக்கணும், லீவு போட்டு பண்ணினா அது பிக்னிக்.

எங்களுக்கு மூணாவது நாளே தெரிஞ்சு போச்சு, பிரச்சனை இடம் இல்ல, சத்தம். இவரு மீட்டிங்ல இருப்பாரு, பையன் கட்டில்ல இருந்து குதிப்பான், பொண்ணு அவனை அடக்குறேன்னு அவனை விட சத்தமா கத்துவா. நான் பாத்ரூம்ல வாளியை கவுத்துப் போட்டு அது மேல உக்காந்து, மடியில லேப்டாப்பை வச்சு ஒரு மணி நேரம் மீட்டிங் பேசினேன், பின்னாடி குழாய் சொட்டு சொட்டா ஒழுகுற சத்தம் கேட்டு அந்தப் பக்கம் ஒருத்தர் "மழையா?"ன்னு கேட்டாரு. அந்த ஒத்திகையாலதான் கிளம்புறதுக்கு முன்னாடியே நல்ல ஹெட்போன் ரெண்டும், "காலை 9ல இருந்து 12 வரைக்கும் ஒரு பெரியவர் குழந்தைங்களை வெளிய கூட்டிட்டு போயிடணும்"ங்கிற சட்டமும் வந்துச்சு. 19 மாசமும் அந்த சட்டம்தான் எங்களை காப்பாத்துச்சு.

அது தாக்குப் பிடிச்சா அடுத்து ஒரு மாசம் நிஜமா வெளிய போய் இருங்க, அதுவும் சீசன் இல்லாத நேரமா பாத்து. நல்ல வெயில்ல எல்லா இடமும் நல்லாத்தான் இருக்கும், ஆறு நாள் விடாம மழை பெய்யுறப்போ நாலு பேரும் ஈரத் துணியோட என்ன பண்றீங்கன்னு பாக்கணும்.

படி 4: சாமான்

எங்க ஆரம்பிக்கணும்னா, யாருக்கும் ஒட்டுதல் இல்லாத இடத்துல. சமையலறை மூடிகள், வயர்கள், பழைய சார்ஜர், காலாவதியான மருந்து. எங்க வீட்ல 9 பாத்திரத்துக்கு 14 மூடி இருந்துச்சு, அதுல எந்த மூடியும் சரியா பொருந்தல, இது எப்படி நடந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. போட்டோ ஆல்பத்துல ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டு மணி நேரத்துல அழுதுட்டு உக்காந்துடுவீங்க, அது கடைசி வாரம்.

முதல்ல குறைக்குறது, அப்புறம்தான் விக்குறது. விக்குறதுல ஒரு எச்சரிக்கை, போட்ட விலையை நினைச்சுட்டே இருந்தா எதுவும் நகராது. பெரிய சாமான் ஏழெட்டை மட்டும் வித்துடுங்க, சின்னதை எல்லாம் குடுத்துடுங்க, ஒவ்வொண்ணுக்கும் பேரம் பேசிட்டு இருந்தா ஒரு வருஷம் ஆகும்.

வாடகை குடோன்ல போட்டு வைக்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு: ரெண்டு வருஷ குடோன் வாடகைக்கும், அதே சாமானை செகண்ட் ஹேண்ட்ல திரும்ப வாங்குற செலவுக்கும் எது கம்மி? சோஃபா, ஃப்ரிட்ஜ், கட்டில் எல்லாம் பெரும்பாலும் தோத்துடும். திரும்ப வாங்கவே முடியாதது மட்டும் உள்ள போகட்டும். எங்களோடது 11 அட்டைப்பெட்டி. போட்டோ, பத்திரம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி மூணு காப்பி வையுங்க, ரெண்டு வேற வேற விதமான இடத்துல, அதுல ஒண்ணு கண்டிப்பா நீங்க இருக்குற இடத்துக்கு வெளிய.

குழந்தைங்க சாமானை அவங்களுக்கு தெரியாம தூக்கிப் போடாதீங்க. நான் போட்டேன். சக்கரம் ரெண்டு இல்லாத ஒரு பிளாஸ்டிக் லாரி, ஆறு மாசமா அவன் தொடவே இல்ல, பெட்டியில போட்டு குடுத்துட்டேன். கிளம்பி நாலாவது மாசம் ஒரு ராத்திரி, எங்கயோ ஒரு ஊர்ல, "அம்மா என் லாரியை எந்த பெட்டியில வச்சே"ன்னு கேட்டான். பதில் சொல்லவே முடியல. ஆளுக்கு ஒரு பெட்டி குடுத்து, இதுக்குள்ள எது வேணா வச்சுக்கோ, நான் கேக்கவே மாட்டேன்னு சொல்லிடுங்க. உள்ள கல்லும் பாட்டில் மூடியுமா வச்சா வச்சுட்டு போகட்டும்.

படி 5: படிப்பு

முதல்ல சட்டம், அப்புறம் பாடத்திட்டம். வீட்லயே படிக்க வைக்குறது எல்லா நாட்டுலயும் ஒண்ணு இல்ல. இங்கிலாந்துல 1996 கல்விச் சட்டப்படி பெற்றோர் வேற வழியில படிக்க வைக்கலாம். ஜெர்மனியில பள்ளிக்கூடம் போறது கட்டாயம், அதை எதிர்த்து ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போயும் 2006ல தள்ளுபடி ஆயிடுச்சு. சொந்த நாட்டுல என்ன விதி, பேரை எடுத்துட்டா திரும்ப சேர்க்க என்ன காகிதம் கேப்பாங்கன்னு இப்போ படிக்குற ஸ்கூல்லயே எழுத்துல கேட்டு வாங்குங்க. இவங்களை விட்டு நல்லபடியா விலகுங்க, திரும்பி வர்றப்போ முதல்ல தட்டப்போற கதவு அதுவாத்தான் இருக்கும்.

நடைமுறையில, கணக்கும் மொழியும் மட்டும் தினமும், வாரத்துல அஞ்சு நாள், சின்னவனுக்கு ஒரு மணி நேரம், பெரியவளுக்கு ரெண்டு ரெண்டரை. அது போதுமான்னு பயம் வரும், ஒரே ஆளுக்கு நேரா உக்காந்து சொல்லிக் குடுக்குறப்போ வேகம் வேற. அறிவியல், வரலாறு எல்லாம் இடத்துக்கு இடம் தானா வரும்னு சொல்லுவாங்க, அது பாதி உண்மை, யாராவது ஒரு பெரியவர் முந்தின நாள் ராத்திரி உக்காந்து படிச்சு வச்சாத்தான் வரும். இல்லைன்னா கோட்டை வெறும் கல்லு.

எனக்கு படிப்பை விட பெரிய கவலை நட்பு. நாடு விட்டு நாடு வளர்ற பிள்ளைங்களைப் பத்தி ரூத் ஹில் யூசீம்ங்கிற சமூகவியலாளர் 1950கள்லயே ஆராய்ச்சி பண்ணி, அவங்களை மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைங்கன்னு ஒரு பேரே வச்சாங்க. அப்படி வளர்றவங்களுக்கு எங்க போனாலும் ஒட்டிக்க தெரியும், ஆனா "உன் ஊர் எது"ன்னு கேட்டா திணறுவாங்க. எங்க பொண்ணு அஞ்சாவது இடத்துக்கு அப்புறம் புது பிள்ளைங்ககிட்ட பேசுறதையே நிறுத்திட்டா, "எப்படியும் போகப் போறோம்ல"ன்னு ஒரே வரி. அதுக்கப்புறம்தான் ஒரு இடத்துல குறைஞ்சது ரெண்டு மாசம்னு மாத்தினோம், பழைய தோழிங்களோட வாரத்துல ஒரு நாள் கால், அது அவளோட நேரம், அன்னைக்கு எந்த காரணத்துக்கும் வண்டி கிளம்பாது.

படி 6: காகிதம், போன், கார்டு

பாஸ்போர்ட்ல இன்னும் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடி இருக்கணும்னு பல நாடுங்க கேக்கும், குழந்தைங்க பாஸ்போர்ட் பெரும்பாலும் பெரியவங்களோடதை விட சீக்கிரம் முடிஞ்சுடும், ரெண்டையும் ஒரே தேதின்னு நினைச்சு ஏமாறாதீங்க. அம்மா மட்டுமோ அப்பா மட்டுமோ குழந்தையோட எல்லை தாண்டுறப்போ இன்னொருத்தரோட சம்மதக் கடிதம், நோட்டரி கையெழுத்தோட, பிறப்புச் சான்றிதழ் காப்பியோட கையில வையுங்க.

ஐரோப்பாவுல ஷெங்கன் பகுதின்னு ஒரே எல்லையா எண்ணுற 29 நாடு, விசா இல்லாம போறவங்களும் சரி, குறுகிய கால விசாவுல போறவங்களும் சரி, எந்த 180 நாளை எடுத்தாலும் அதுல 90 நாள் வரைக்கும்தான். எல்லையைத் தாண்டி ஒரு நாள் வெளிய போயிட்டு வந்தா மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துடும்னு நிறைய பேரு நினைக்குறாங்க, வராது. நுழைஞ்ச நாள், கிளம்புன நாள் ரெண்டும் கணக்குல சேரும்.

வண்டி ஓட்டுறவங்க சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்குறப்போ எந்த ஒப்பந்தத்துல வர்றதுன்னு பாருங்க, 1949 ஜெனீவா ஒண்ணு, 1968 வியன்னா ஒண்ணு. ஜப்பான் 1949ஐத்தான் ஏத்துக்கும்.

இப்போ நாங்க பண்ணின ரெண்டாவது பெரிய தப்பு. கிளம்புற அவசரத்துல "இனிமே இது எதுக்கு"ன்னு பழைய போன் நம்பரை குடுத்துட்டேன். ரெண்டாவது மாசம் பேங்க்ல இருந்து கார்டு பிளாக், திறக்க ஓடிபி, ஓடிபி போறது அந்த நம்பருக்கு. கஸ்டமர் கேர்ல "நேர்ல வந்து பாரம் நிரப்புங்க"ன்னு சொல்றாங்க, நான் நிக்குறது அடுத்த கண்டத்துல. 23 நாள் இவரோட கார்டு ஒண்ணை வச்சே ஓட்டினோம். அதனால நம்பரை குறைஞ்ச பிளான்ல உயிரோட வையுங்க, இசிம்மா மாத்திக்கலாம், ஓடிபிக்கு பதிலா போன்லயே கோட் காட்டுற ஆத்தென்டிகேட்டர் ஆப் எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடியே மாத்துங்க, ரெண்டு வேற பேங்க் கார்டு ரெண்டு வேற பையில. தபால் வர்றதுக்கு நம்பிக்கையான ஒருத்தரோட முகவரி.

படி 7: உடம்பு

டிராவல் இன்சூரன்ஸ்ங்கிறது பெரும்பாலும் திரும்பி வரப்போறவங்களுக்கு போட்ட பாலிசி, ஒரு பயணம் இத்தனை நாளுக்கு மேல போகக் கூடாதுன்னு சின்ன எழுத்துல இருக்கும். முழு நேரமா சுத்துறவங்களுக்கு சர்வதேச மருத்துவ இன்சூரன்ஸ்னு வேற வகை உண்டு. வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி: ஏற்கெனவே இருக்குற நோய் சேருமா, ஆபத்துன்னா வேற நாட்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போற செலவு சேருமா, டூ வீலர் ஓட்டி விழுந்தா சேருமா.

தடுப்பூசிக்கு ஒரு பயண மருத்துவரை ரெண்டு மூணு மாசம் முன்னாடியே பாருங்க, சிலது பல டோஸ். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் செல்லும், 2016 ஜூலையில இருந்து அது ஆயுசு முழுக்க செல்லும். நாய் கடிச்சாலோ பிராண்டினாலோ உடனே 15 நிமிஷம் சோப்பும் ஓடுற தண்ணியும் போட்டு கழுவுங்க, அப்புறம் தாமதிக்காம ஊசிக்கு ஓடுங்க, இதை குழந்தைங்களுக்கே மனப்பாடம் பண்ண வையுங்க, ஏன்னா அம்மா திட்டுவாங்கன்னு மறைச்சுடுவாங்க. வயித்துப்போக்குக்கு கரைச்சு குடிக்குற ஓஆர்எஸ் பாக்கெட் கிடைக்காத இடத்துல, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு தலை தட்டின 6 டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அளவு மாறக் கூடாது.

மருந்தை பிராண்ட் பேரோட இல்லாம மூலப்பொருள் பேரோட எழுதி வாங்குங்க, டாக்டர் கடிதத்தோட. நமக்கு சாதாரண சளி மாத்திரைன்னு தோணுறது வேற நாட்டுல தடை, ஜப்பான்ல சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல இருக்குற மருந்தை கொண்டு போக முடியாது.

படி 8: வண்டியா, பெட்டியா

வேன் வாங்குறதா இருந்தா உள் அலங்காரத்தை பாக்காதீங்க, எடையை பாருங்க. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. நாலு பேரு ஆளுக்கு 10 லிட்டர்னு சிக்கனமா புழங்கினாலே நாளுக்கு 40 கிலோ, மூணு நாளைக்கு 120. சாதாரண கார் லைசென்ஸ்ல ஓட்டுற வேனுக்கு ஐரோப்பாவுல வழக்கமா இருந்துட்டு வர்ற வரம்பு மொத்தமா 3,500 கிலோ. எங்க வேனை மரவேலை எல்லாம் முடிச்சு எடை மேடையில ஏத்தினா, நாங்க நாலு பேரும் ஏறுறதுக்கு முன்னாடியே அனுமதிச்ச எடைக்கு 90 கிலோதான் மிச்சம். அழகா பண்ணின ஓக் மர அலமாரியை கழட்டிட்டு துணிப்பை மாட்டினோம். கட்டுறதுக்கு முன்னாடி எடை போட்டிருக்கணும், இதுவும் வரிசை தப்புதான்.

கரண்டுக்கு, 12 வோல்ட் 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரின்னா சுமார் 1.2 யூனிட், அதை கிட்டத்தட்ட முழுசா எடுக்கலாம், லெட் ஆசிட்னா பாதியோட நிறுத்திக்கணும். ஆனா அந்த லித்தியத்தை பூஜ்யம் டிகிரிக்கு கீழ சார்ஜ் பண்ணினா செத்துடும், குளிர் பிரதேசம் போறவங்க கவனிங்க. உள்ள அடுப்போ ஹீட்டரோ இருந்தா கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே முடிச்சுடும். சமையல் கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தரையில தேங்கும், அதனால காத்துப்போக்கு ஓட்டை கீழ இருக்கணும். படுக்கை எத்தனைன்னு எண்ணாம சீட் பெல்ட் எத்தனைன்னு எண்ணுங்க.

பெட்டியோட போறவங்களுக்கு சுருக்கமா: நிறைய விமானங்கள்ல கைப்பை 7 கிலோ, பவர் பேங்க் 100 வாட் ஹவர் வரைக்கும், அதாவது சுமார் 27,000 எம்ஏஎச், அதுவும் கைப்பையிலதான் வரணும். ஒரு வாரத்துக்கு துணி போதும், ஒரு மாசம் போனாலும் துவைக்கத்தானே போறீங்க. பெரியவங்க பையை குழந்தை தூக்க வேண்டாம், குழந்தை பையை பெரியவங்க தூக்க வேண்டாம், இந்த ஒரே விதியில பாதி பொம்மை தானா குறைஞ்சுடும்.

படி 9: முதல் மூணு மாசம்

எதையும் சுத்திப் பாக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். சுற்றுலா மனநிலையில ஓடினா ஆறாவது வாரம் எல்லாருக்கும் உடம்பு சரியில்லாம போகும், பட்ஜெட் எகிறும், வேலையில பேர் கெடும். இடம் மாறுற நாள் அன்னைக்கு வேலை வேணாம், படிப்பு வேணாம், மறுநாளும் பாதி லீவுதான்னு வச்சுக்கோங்க. வாரத்துல அரை நாள் ஒவ்வொருத்தரும் தனியா இருக்கணும், அம்மாவும்தான், "எங்க போறே"ன்னு யாரும் கேக்கக் கூடாது. நான் பெரும்பாலும் நூலகத்துல போய் தூங்கினேன்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஓட்டு. தேதியை முன்னாடியே காலண்டர்ல குறிச்சிடுங்க, ஏன்னா மோசமான நாள்ல நடத்தினா எல்லாரும் வீட்டுக்கு போலாம்பாங்க, நல்ல நாள்ல நடத்தினா யாரும் நிஜத்தை சொல்ல மாட்டாங்க. தொடரலாமா, வேகத்தை குறைக்கலாமா, திரும்பலாமான்னு மூணு சீட்டு, ரகசியமா போடணும். எங்க வீட்ல குழந்தைங்க ஓட்டுக்கு ரெண்டு மதிப்பு, ஏன்னா கிளம்புற முடிவை எடுத்தது நாங்க. ஆறாவது ஓட்டுல "திரும்பலாம்" ஜெயிச்சுது, இவரு மட்டும்தான் வேற போட்டாருன்னு கையெழுத்தை பாத்தே தெரிஞ்சுது, ஒண்ணும் சொல்லல.

படி 10: வீட்டை விக்குறதும், திரும்பி வர்றதும்

சொந்த வீடு இருந்தா முதல் வருஷம் விக்காதீங்க, வாடகைக்கு விடுங்க. சாவி யாருகிட்ட, குழாய் உடைஞ்சா யாரு வருவாங்க, கையெழுத்து தேவைப்பட்டா யாருக்கு பவர் குடுத்திருக்கீங்கன்னு எல்லாம் எழுத்துல இருக்கட்டும். காலியா பூட்டி வச்சா வீட்டு இன்சூரன்ஸை ஒரு தடவை படிங்க, தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ ஆள் இல்லைன்னா பல பாலிசிகள்ல பாதுகாப்பு குறைஞ்சுடும். அந்த முதல் வருஷத்துல நடந்த நாலு ஓட்டெடுப்புலயும் தொடரலாம்னு வந்துச்சுன்னா அப்போ விக்குறதை யோசிங்க.

திரும்புறப்போ பள்ளிக்கூட வருஷம் தொடங்குறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வந்துடுங்க. முதல் மூணு வாரம் பாயும் அடுப்பும் தவிர எதுவும் வாங்காதீங்க, வாங்க கை பரபரக்கும். குழந்தைங்க ஸ்கூல்ல ஒரு மாசம் பேசாம இருந்தாலும் பயப்படாதீங்க, எங்க பையன் முதல் நாள் டீச்சர்கிட்ட "இங்க எத்தனை வாரம் இருப்போம்"னு கேட்டிருக்கான்.

குடோன்ல இருந்து வர்ற பெட்டிகளை ஒரே நாள்ல பிரிக்க வேணாம், எதையாவது தேடுறப்போ மட்டும், அது இருக்குற பெட்டியை மட்டும் பிரிங்க. எங்க 11 பெட்டியில 4 இன்னும் ஒட்டின டேப்போட பரண்ல கிடக்கு, அதுல ஒண்ணு மேல பெரிய எழுத்துல "முக்கியம்"னு என் கையெழுத்துலதான் எழுதியிருக்கு.